சுவரில் விட்ட இடம்

முன்னொரு காலத்தில், காற்றுகூடத் தங்களைக் கேட்டுத்தான் அடிக்கிறது என்று ராஜாக்கள் நம்பிய காலத்தில், முல்லைவாய் நாட்டை விறல்வேந்தன் என்றொரு மன்னன் ஆண்டுவந்தான். பெயரில் வீரம் இருந்தது, உடம்பில் சளி இருந்தது. பகைவர் படை ஆற்றைக் கடக்க வந்த அன்று அவன் மலை மாளிகையில் கஷாயம் குடித்துக்கொண்டிருந்தான். துறையில் நின்று தடுத்தவர்கள் நாற்பது காவல்காரர்கள். படை திரும்பி ஓடியது. நாற்பது பேரில் ஒருவரும் வீடு திரும்பவில்லை.

அந்த வெற்றியைச் சபைச் சுவரில் எழுதச் சொல்லி சித்திரக்காரி உலகம்மையை அழைத்தார்கள். அவள் நாலு மாதம் சாரத்தில் ஏறி இறங்கி நாற்பது பேரையும் கொண்டுவந்தாள். அதில் ஒருவன் அவள் தம்பி செங்கோடன், காதில் வெட்டுத் தழும்போடு. கண் மட்டும் யாருக்கும் வைக்கவில்லை. சித்திரம் எழுதுகிறவர்கள் கண்ணைக் கடைசி நாளில்தான் திறப்பார்கள். அந்த நாற்பது பேருக்கு நடுவே ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு, தரையிலிருந்து வெறும் வெள்ளையாக ஓர் இடம் விட்டிருந்தாள்.

சித்திரசாலை அதிகாரி மாளவராயருக்கு அந்த வேலை தன் மருமகனுக்குக் கிடைக்கவில்லையே என்று வயிற்றெரிச்சல். அந்த வெள்ளை இடத்தில் பிரபு யானைமேல் இருக்க வேண்டாமா என்று ராஜாவின் காதில் போட்டார். ராஜாவுக்கு உடனே யானை ஆசை வந்துவிட்டது. உலகம்மையைக் கூப்பிட்டு, எழுது என்றான்.

“எழுத மாட்டேன், மகாராஜா,” என்றாள் அவள். குரலை உயர்த்தவில்லை. “அன்று துறையில் யானையும் இல்லை, நீங்களும் இல்லை.”

விசிறி வீசிக்கொண்டிருந்தவர்களின் கை நின்றுவிட்டது.

மாளவராயர் முந்திக்கொண்டார். சுவர் முழுக்க வெள்ளையடித்துவிட்டால் மருமகன் ஒரு மாதத்தில் நாற்பது யானை எழுதித் தருவான் என்றார். ஆனால் நியாயம் என்று ஒன்று வேண்டுமே, அதற்காக ஒரு சோதனையும் வைத்தார்.

“இவள் பெரிய கைகாரியாம். புள்ளி வைக்காமல், கோடு இழுக்காமல், நிறம் தொடாமல் நாளைக் காலை பிரபுவை அந்த இடத்தில் கொண்டுவரட்டும். வந்தால் சுவர் பிழைத்தது. வராவிட்டால் சுண்ணாம்பு.”

ராஜாவுக்கு வேடிக்கை என்றால் சோறு வேண்டாம். சரி என்றான். உலகம்மை தம்பியின் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, தானும் சரி என்றாள்.

அவளுடைய கரித்துண்டு, நூல், தூரிகை, காவி, மஞ்சள், அவுரி நீலம் எல்லாவற்றையும் மாளவராயரே கூடையில் அள்ளினார். சித்திரம் எழுத இன்னும் ஏதாவது மிச்சம் வைத்திருக்கிறாயா என்று கேலியாகக் கேட்டார்.

“இருக்கிறது, ஐயா. உங்கள் கூடை கொள்ளாது.”

மறுநாள் சபை கூடியது. சுவரோரம் நாலு பானைச் சுண்ணாம்பு கரைத்துத் தயாராக வைத்திருந்தார் மாளவராயர். உலகம்மை கேட்டது ஒன்றுதான். சுவருக்கு எதிரே இருக்கும் கிழக்கு வாசலைத் திறக்க வேண்டும், ராஜா அந்த வாசற்படியில் நிற்க வேண்டும்.

கதவு திறந்தது. அப்போதுதான் எழுந்த வெயில் நேரே சுவரில் போய் விழுந்தது. விட்டிருந்த வெள்ளையில், கிரீடமும் தொப்பையுமாக, ராஜா. அவன் பக்கவாட்டில் திரும்பிப் பார்த்து, மூக்குக்கூடச் சரியாக இருக்கிறது என்று பூரித்துப்போனான்.

இது வெறும் நிழல், சித்திரமா என்று குதித்தார் மாளவராயர். வெளிச்சம் ஒன்று, அது படாத இருட்டு ஒன்று, இரண்டும் சேருகிற இடத்தில் வடிவம், அது வந்து உட்கார வெற்றிடம், இவையெல்லாம் சித்திரத்தின் உறுப்புகள்தான் என்றாள் உலகம்மை. அதிகாரி சொன்ன மூன்றில் எதைத் தொட்டேன் என்று சபையைக் கேட்டாள். ஒன்றையும் தொடவில்லை என்றது சபை.

இதற்குள் வெயில் ஏறியது. நிழலின் கிரீடம் வீரர்களின் மார்புக்கு இறங்கியது, பிறகு இடுப்புக்கு.

“நான் குட்டையாகிக்கொண்டே போகிறேனே,” என்றான் ராஜா.

“பார்த்தீர்களா பிரபு, அவமானம்,” என்றார் மாளவராயர்.

“சுவருக்குப் பக்கத்தில் வாருங்கள், மகாராஜா. வளர்வீர்கள்.”

ஓர் அடி வைத்தான், நிழல் கொஞ்சம் உயர்ந்தது. இன்னோர் அடி. தன் உயரம் தனக்குக் கிடைத்தபோது மூச்சு சுவரில் படும் தூரத்தில் நின்றான். இரண்டு பக்கமும் நாற்பது பேர். கைபட்ட இடத்தில் ஒரு காதுத் தழும்பு சொரசொரத்தது. மணல் கலந்து பூசியிருந்தாள். இவன் யார் என்று கேட்டான்.

“என் தம்பி செங்கோடன். நீங்கள் மலைக்குப் போன அன்று பல்லக்குக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றான். நீங்கள் பார்க்கவில்லை.”

“இவர்களுக்கு ஏன் கண் இல்லை?”

“வைத்தால் உங்களைத் தேடும், மகாராஜா.”

ராஜா மாளவராயர் பக்கம் திரும்பி, அன்றைக்கு நீர் எங்கே இருந்தீர் என்று கேட்டான். பிரபுவின் கஷாயத்தை ஆற்றிக்கொண்டிருந்தேன் என்றார் அவர். அப்படியானால் சூடு பழகிய கைதான், இந்தச் சுண்ணாம்புப் பானைகளை நீரே வெளியே கொண்டுபோம், சித்திரசாலைச் சாவியை இந்த அம்மாளிடம் கொடுத்துவிட்டுப் போம் என்றான் ராஜா. தன் கையிலிருந்த தங்கக் கடகத்தைக் கழற்றி அவளிடம் நீட்டினான்.

“அது இருக்கட்டும். முதலில் தூரிகையைத் தாருங்கள்.”

கூடை வந்தது. நாற்பது பேருக்கும் கண் வைத்தாள், எண்பது புள்ளி. எண்பதும் அந்த வெள்ளை இடத்தையே பார்த்தன. இதை என்ன செய்யப்போகிறாய் என்று மெதுவாகக் கேட்டான் ராஜா.

“அப்படியே இருக்கும். அடுத்த முறை படை வரும்போது யார் வந்து நிற்கிறாரோ, அவருக்கு.”

மாளவராயர் பானைகளைத் தூக்கிக்கொண்டு போனார், பட்டு வேட்டியெல்லாம் சுண்ணாம்பு. சபை கலைந்தது. உலகம்மை தூரிகையைக் கழுவி, கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள். வெயில் வாசல் நிலைக்கு மேலே ஏறிவிட்டது. சுவரில் நிழல் இல்லை. ராஜா தனியாக நின்றான், ஒருமுறை இருமினான். கிரீடத்தைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு அவனும் நடந்து போனான்.