நாற்பத்தோராம் நாள் மௌனம்

தாண்டவன் வெற்றிலைக் கொடிக்கால் வைத்துப் பிழைப்பவர். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. மலையடிவாரத்துக் குடிசையில் இருந்த நல்லம்மையைக் குருவாக ஏற்றுப் பதினோரு வருடங்கள். நல்லம்மை அவரைவிட இளையவர். ஆனாலும் அவர் முன்னால் தாண்டவன் சத்தமாகப் பேசியதில்லை.

தாண்டவனின் மனைவி மரகதத்துக்கு இரண்டு குழந்தைகள் வயிற்றிலேயே கலைந்துபோயின. ஒன்று மூன்றாம் மாதம், ஒன்று ஏழாம் மாதம். மூன்றாவது கரு எட்டாம் மாதத்தைத் தொட்டதும் தாண்டவன் குமரன் கோயிலுக்குப் போய் வேண்டிக்கொண்டார். ஒரு மண்டலம் வாய் திறப்பதில்லை. நாற்பத்தெட்டு நாள். ஒரு சொல் உதிர்ந்தாலும் பிள்ளை தங்காது என்று அவராகவே மனதில் முடிச்சுப் போட்டுக்கொண்டார். குருவிடம்கூடக் கேட்கவில்லை.

நாற்பத்தோராம் நாள் விடிந்தபோது மரகதம் அவர் கையைப் பிடித்து இழுத்துத் தன் வயிற்றின் மேல் வைத்தாள்.

"ராத்திரியிலேருந்து அசையவே இல்லைங்க. உங்களுக்கு ஏதாவது தெரியுதா?"

அவர் கையை அழுத்திப் பார்த்தார். தன் நாடி துடிப்பதா, பிள்ளை துடிப்பதா என்று அவருக்குப் புரியவில்லை.

"பயமா இருக்குங்க. ஏதாவது பேசுங்களேன்."

அவர் அவள் தலையைத் தடவிக் கொடுத்தார். கையை இறுகப் பிடித்துக்கொண்டார். மரகதம் சற்று நேரம் அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள்.

மருத்துவச்சி வந்து வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். "சாயங்காலம் வரைக்கும் பார்ப்போம்" என்றாள். அவளைத் துணைக்கு வைத்துவிட்டுத் தாண்டவன் மலையடிவாரத்துக்கு ஓடினார்.

நல்லம்மை முற்றத்தில் புளியை ஆய்ந்துகொண்டிருந்தார். தாண்டவன் மண்ணில் உட்கார்ந்து விரலால் எழுதினார். பிள்ளை அசையவில்லை. மரகதம் பேசச் சொல்லி அழுகிறாள். நாற்பத்தெட்டில் நாற்பத்தொன்று ஆகிவிட்டது. பேசலாமா?

நல்லம்மை குனிந்து வாசித்தார். புளியை ஒதுக்கி வைத்தார். ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து தாண்டவன் முன் வைத்தார். எதிரே அமர்ந்தார். பதில் சொல்லவில்லை.

தாண்டவன் காத்திருந்தார். பிறகு இன்னும் பெரிதாக எழுதினார். பேசலாமா?

நல்லம்மை அவர் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். கனிவாகப் பார்த்தார். பேசவில்லை.

வெயில் ஏறியது. தாண்டவனுக்கு முதுகெல்லாம் வியர்த்தது. அம்மா ஏன் சும்மா இருக்கிறார்? ஏதோ கெட்டது தெரிந்திருக்கிறது. சொல்ல மனம் வராமல் மறைக்கிறார். பிள்ளை போய்விட்டதோ? மரகதத்துக்கே ஏதாவது ஆகிவிட்டதோ? அந்தக் கனிவான பார்வையே அவரை மேலும் கலக்கியது. மண்ணை அளைந்து மறுபடியும் எழுதப் பார்த்தார். பாதி எழுத்திலேயே உள்ளங்கையால் அழித்துவிட்டார்.

"ஏதாவது சொல்லுங்கம்மா!"

கத்தியது தான்தான் என்று தாண்டவனுக்கு உறைக்கச் சிறிது நேரம் பிடித்தது. நாற்பது நாள் கிடந்த குரல் கரகரத்துக் கிழிந்திருந்தது.

"கையைப் பிடிச்சுக்கிட்டுத்தானே இருந்தேன்?" என்றார் நல்லம்மை.

"கையைப் பிடிச்சா போதுமாம்மா? நீங்க பேசாம இருக்க இருக்க எனக்கு என்னென்னமோ..."

காலையில் சுவர்ப்பக்கம் திரும்பிய மரகதத்தின் முகம் கண்முன் வந்தது. இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டார்.

"விரதம் முறிஞ்சிடுச்சும்மா. இன்னும் ஏழு நாள்தான் இருந்துச்சு."

"உங்க பேச்சைக் கேக்காம மரகதத்துக்கும் இன்னைக்கு நாப்பத்தோரு நாள்."

"பிள்ளைக்கு ஏதாவது ஆயிட்டா? நான் பேசினதாலதான்னு ஆயிடாதா?"

"பிள்ளைக்கு என்ன ஆகும்னு எனக்குத் தெரியாது. உங்க வாயில இருந்து ஒரு வார்த்தை விழுதான்னு காத்திருந்து பிள்ளையைப் பறிக்கிற சாமியையும் எனக்குத் தெரியாது."

தாண்டவன் எழுந்தார். வாசல்வரை போனவர் படல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"போய் அவகிட்ட என்ன சொல்வேன்? எல்லாம் நல்லபடியா நடக்கும்னு சொல்லட்டுமா?"

"நடக்குமான்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாதும்மா. கோயில்ல வேண்டிக்கிட்ட அன்னைக்கும் தெரியாது, இப்பவும் தெரியாது. ராத்திரி பகலா நெஞ்சு பதறுது. அவ முகத்தைப் பார்க்கவே எனக்குப் பயமா இருக்கு."

"அதைப் போய்ச் சொல்லுங்க" என்றார் நல்லம்மை.