ஆய்வு நாளில் வரும் காய்ச்சல்

சொல்லவே குமட்டுகிறது. ஆனாலும் சொல்கிறேன், தீர்ப்பு உங்களுடையது.

விளாத்திகுளம் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளி. ஆண்டுக்கொரு முறை அதிகாரி வந்து பிள்ளைகளை வாசிக்கச் சொல்லிக் கேட்பார். அன்றைக்குப் பார்த்து, வாசிக்கத் தெரியாத பிள்ளைகளுக்கு மட்டும் காய்ச்சல் வந்துவிடும். தலைமையாசிரியர் தனசிங் முந்தின நாளே சொல்லி வரவழைக்கும் காய்ச்சல் அது. மிச்சமுள்ளவர்கள் கடகடவென்று வாசிப்பார்கள், பள்ளிக்கு 'மிக நன்று' கிடைக்கும். தூ.

ஐந்தாம் வகுப்பு ரூபாவதி தற்காலிக ஆசிரியை. ஆய்வில் வகுப்பு தேறாவிட்டால் மறு ஆண்டு வேலை இல்லை. அவர் வகுப்பில் முத்துப்பேச்சி என்றொரு பெண். ஆனா ஆவன்னாகூடத் தெரியாமல் வந்தவள், இப்போது எழுத்துக்கூட்டி ஒரு வரி வாசிக்கிறாள். அதற்குள் வியர்த்துவிடுகிறது.

"அந்தப் பிள்ளைய நாளைக்கு வர வேண்டாம்னு சொல்லிருங்க டீச்சர். உங்க வேலைக்குத்தான் சொல்லுதேன்" என்றார் தனசிங்.

"அவ நல்லாத்தான இருக்கா சார்" என்றார் ரூபாவதி.

மறுநாள் முத்துப்பேச்சி வந்தாள். அதிகாரி குலசேகரன் அவளைத்தான் எழுப்பினார். ஒரு வரியை முடிக்கவே அவள் பெரும்பாடு பட்டாள். முடித்ததும் அடுத்த வரிக்கு விரலை நகர்த்தினாள்.

குலசேகரன் இளகிய மனசுக்காரர். ரூபாவதியின் உழைப்பு அவருக்குப் புரிந்தது. ஆனால் அவர் பதிய வேண்டியது இரண்டில் ஒன்று: வாசிக்கிறாள், அல்லது வாசிக்கவில்லை. எங்கிருந்து எதுவரை வந்தாள் என்று கேட்க அரசாங்கத்துக்கு நேரமில்லை. டீச்சர் பிழைத்துப் போகட்டும் என்று 'வாசிக்கிறாள்' எனப் பதிந்தார்.

ரூபாவதியின் வேலை தப்பியது. முத்துப்பேச்சி ஆறாம் வகுப்புக்கு வேறு பள்ளிக்குப் போனாள். அங்கே வாசிக்கத் தெரியாதவர்களுக்குத் தனி வகுப்பு உண்டு. அவளை அதில் சேர்க்கவில்லை. "வாசிக்கிற பிள்ளைன்னுல்லா பதிவாயிருக்கு" என்றார்கள்.

பிள்ளையை மறைக்கச் சொன்னவர் ஒருவர், வேலை போனாலும் போகட்டும் என்று காட்டியவர் ஒருவர், இரக்கப்பட்டுப் பொய் பதிந்தவர் ஒருவர். இதில் யார் செய்தது சரி?

விடை: ரூபாவதி செய்ததுதான் சரி. தனசிங்கைப் பற்றிப் பேசி என் வாயைக் கெடுத்துக்கொள்ள மாட்டேன். எனக்கு அருவருப்பு குலசேகரன்மேல்தான். தனசிங் ஒரு நாள் மறைக்கப் பார்த்த பிள்ளையை அவர் ஒரேயடியாக மறைத்துவிட்டார். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று, முத்துப்பேச்சிக்குச் சேர வேண்டியதை எடுத்து ரூபாவதிக்குத் தர்மம் செய்தார். அந்தப் பெண்ணை இப்போது புது ஆசிரியர் வகுப்புக்கு வெளியே நிறுத்தியிருக்கிறார், வாசிக்கத் தெரிந்தும் வாயைத் திறக்காத திமிருக்காக.