அம்மணி உழுவைக்குப் புள்ளி வச்ச மச்சான்

அந்தக் காலத்துல மீனும் பேசும், மனுசனும் நின்னு கேப்பான். இப்ப மனுசன் மட்டும்தான் பேசுதான், கேக்கதுக்கு ஒருத்தனக் காணோம்.

அப்போ நம்ம கடல்ல அம்மணி உழுவைன்னு ஒரு சுறா இருந்தா. வள்ளத்துக்குப் பக்கத்துல வந்து நின்னான்னா, வள்ளம் அவ பெத்த பிள்ளை மாதிரி இருக்கும். வாயத் தொறந்தா ஒரு கல்யாணக் கூட்டமே உள்ள போயி உக்காரலாம். ஆனா தின்கது என்னமோ பொடிக் கூனி இறால்தான். கடிக்கத் தெரியாது, பாவம். உடம்பு அப்போ வெறும் கறுப்பு. தூரத்துல பாத்தா கடிக்க சுறாவுக்கும் அவளுக்கும் வித்தியாசமே தெரியாது. அவ ஆசையா கிட்ட வருவா, நம்மாளுங்க ஈட்டியத் தூக்குவாங்க.

அந்தக் கரையில சடையன்னு ஒருத்தன். சங்கு குளிக்க வள்ளத்துல கயிறு பிடிக்கவன். குளிக்கவன் கல்லக் கட்டிக்கிட்டு அடிக்குப் போவான். மூச்சு முட்டினா கயித்தச் சுண்டுவான், மேல இருக்கவன் இழுக்கணும். அந்தக் கயித்த மச்சான்காரன்தான் பிடிக்கணும்ங்கது வழக்கம். தங்கச்சி தாலிய எவனும் தண்ணியில விட மாட்டான்லா? சடையன் தங்கச்சி புருசன் இசக்கிதான் குளிக்கவன்.

சடையனுக்கு வாய் கடல் அகலம். முழங்காலுக்கு மேல தண்ணி பட்டதில்ல.

"சுறா வந்தா மூக்குலயே ஒரு குத்து விடுவேன் மாப்ள. நீ நிம்மதியாப் போ."

"நீ கயித்த விடாம இரு மச்சான். அது போதும்."

இசக்கி முங்கிட்டான். கொஞ்ச நேரத்துல வள்ளத்துக்கு அடியில ஒரு நிழல் போச்சு. போச்சு, போச்சு, போய்க்கிட்டே இருந்துச்சு.

"ஏ... சுறா!"

மூக்குல குத்தப் போன கை ரெண்டும் சொந்த மூஞ்சியப் பொத்திக்கிச்சு. கயிறு? அது சரசரன்னு கடலுக்குள்ள போயிட்டு.

சடையனுக்குத் தங்கச்சி மூஞ்சி கண்ணு முன்னால வந்து நிக்குது. அப்பந்தான் தண்ணி பொங்கி ஒரு கறுப்பு முதுகு எந்திரிச்சுது. அதும் மேல இசக்கி குப்புறக் கிடக்கான். வள்ளம் ஓட்டுன தண்டல் ஈட்டிய ஓங்கிட்டாரு.

இசக்கி இருமிக்கிட்டே கத்துதான். "எறியாதீரும்! எம் மச்சான் விட்ட உசுர இவதான் தூக்கிட்டு வந்திருக்கா! எறியணும்னா என் முதுகுல எறியும்!"

தண்டல் ஈட்டியக் கீழ வச்சுட்டாரு. அம்மணி பெருமூச்சு விட்டா.

"இன்னைக்கு இவன் குறுக்க படுத்துட்டான். நாளைக்கு எவன் படுப்பான்? உங்க கண்ணுக்கு நானும் கடிக்கவளும் ஒண்ணாத்தான தெரியுதோம்?"

எல்லாரும் சடையனப் பாக்காங்க. சடையன் தன் கையப் பாக்கான். மடியில வெத்தலைக்கு வச்சிருந்த சுண்ணாம்புச் செப்பு தட்டுப்பட்டுது. சட்டுனு ஒரு கால வள்ளத்துக்கு வெளிய வச்சான்.

"மச்சான், அங்கன தண்ணி இருக்கு!"

"தெரியும்ல, வாய மூடு!"

அம்மணி தலையில ஏறி உக்காந்து, சுண்ணாம்பத் தொட்டுப் புள்ளி வைக்க ஆரம்பிச்சான்.

"என்னப்பா செய்யுத?"

"அடையாளம் வைக்கேன் தாயி. அசையாத, நான் விழுந்துருவேன்."

"நான் எங்க அசையுதேன்? நீதான் நடுங்குத."

தலையெல்லாம் பொடிப்பொடிப் புள்ளியா விழுந்துது. முதுகுக்கு வந்தப்ப பயம் தெளிஞ்சு, புள்ளி அகலமாச்சு. அதுக்குள்ள செப்பு காலி. இசக்கி கரைக்கு நீந்திப் போயி ஒரு பானை சிப்பிச் சுண்ணாம்பு வாங்கிட்டு வந்தான்.

"உன் தங்கச்சி குடுத்தா. கயித்த விட்ட கை, பானையையாவது விடாமப் பிடிக்கட்டும்னு சொன்னா."

சடையன் பானைய ரெண்டு கையாலயும் வாங்கிக்கிட்டான். குனிஞ்சு, வால் வரைக்கும் கோடும் புள்ளியுமா இழுத்து முடிச்சான். "காயுற வரைக்கும் முங்காத தாயி"ன்னான். அவளும் வெயிலப் பாத்து அப்படியே மிதந்தா. காஞ்சதும் வள்ளத்தச் சுத்திச் சுத்தி வந்தா.

"இப்படி ஒரு சேலை இந்தக் கடல்ல எவளுக்கு இருக்கு, சொல்லு!"

"எவளுக்கும் கிடையாது! எங்க அம்மணிக்கு மட்டும்தான்!"ன்னு சடையன் நெஞ்ச நிமித்துனான். இடுப்பு வரைக்கும் நனைஞ்சிருந்தான்.

அன்னைக்குப் பிடிச்சுத்தான் அம்மணி உழுவைக்குத் தலையில பொடிப் புள்ளியும் முதுகுல அகலப் புள்ளியும். அன்னைக்குப் பிடிச்சுத்தான் அவ வெயில் காய மேல வந்து மெதுவா மிதக்கதும், நம்மாளுங்க அந்தப் புள்ளியக் கண்டதும் ஈட்டியக் கீழ போட்டுட்டு "எங்க வீட்டுப் பொண்ணு போறா, வழி விடுங்கலே"ன்னு பெருமையாச் சொல்லுததும். வயித்துல மட்டும் இன்னைக்கும் ஒரு புள்ளி கிடையாது. அங்க வைக்கணும்னா முங்கணும்லா?