புகழ்ச் சுவரில் பதிந்த கால்

அணிலும் தவளையும் மானும் தொடர் ஓட்டத்தில் கோப்பையைத் தூக்கிவிட்டன! நாவல்குளக் காட்டுக்குத் தலைகால் புரியவில்லை. நாலு கால் உள்ளவை நாலு காலாலும் ஆடின. கால் இல்லாத பாம்புகூட வாலைத் தூக்கித் தூக்கித் தரையில் தட்டியது.

ஆடாமல் என்ன செய்யும்? அந்தக் காட்டின் உயர்நிலைப் பள்ளி வருஷக்கணக்காக அந்தக் கோப்பைக்கு ஏங்கிக் கிடந்தது. ஒவ்வொரு முறையும் மேற்குக் காட்டுப் பள்ளிதான் அதைத் தட்டிக்கொண்டு போகும். இந்த முறை அணில் குச்சியோடு மரத்துக்கு மரம் தாவி வந்தது. குளக்கரையில் தவளை அதை வாங்கிக் கவ்விக்கொண்டு மறுகரைக்கு நீந்தியது. அங்கே குச்சியை வாங்கிய மான் மைதானத்தில் பறந்து, கோட்டைத் தாண்டியது. விளையாட்டு ஆசிரியரான ஆள்காட்டிக் குருவிக்குத் தனியாக விசில் கிடையாது. அதன் தொண்டைதான் விசில். அன்று கத்திய கத்தலில் அந்த விசிலே கட்டிக்கொண்டது.

பள்ளி வாசலில் ஒரு மண்சுவர் உண்டு. புகழ்ச் சுவர் என்று பேர். பள்ளிக்குப் பெருமை தேடித் தந்த வீரர்கள் அதில் பூசிய ஈரப் புற்றுமண்ணில் தங்கள் காலைப் பதிப்பார்கள். மண் காய்ந்துவிட்டால் அந்தத் தடம் காலத்துக்கும் இருக்கும். உயரம் தாண்டிய முயலின் கால் அங்கே இருக்கிறது. குண்டு எறிந்த காட்டெருமையின் குளம்பும் இருக்கிறது. மழை பெய்தால் அந்தக் குளம்புக் குழியில் சிட்டுக்குருவிகள் குளிக்கும்.

இப்போது சுவரில் ஒரே ஓர் இடம்தான் மிச்சம். ஒரு வெற்றிக்கு ஒரு கால் என்பது விதி. கோட்டைத் தாண்டியவரின் காலைப் பதிப்பது வழக்கம்.

தவளைக்கு அங்கேதான் வலித்தது. "நாங்க காலங்காலமா நீந்துறோம். கோட்டை மட்டும் கரையில போட்டு வெச்சிருக்காங்க. அப்புறம் எங்க கால் எப்படிச் சுவருக்குப் போகும்?" என்றது அது, தன் ஈர விரல்களைப் பார்த்தபடி. "எங்க கூட்டத்துல ஒரே ஒரு கால், ஒரே ஒரு தடவை, அங்கே பதிஞ்சாப் போதும்."

அந்தக் கடைசி இடத்தின் மேல் இன்னொருவருக்கும் கண். சுவர்க் குழுவின் செயலாளர் நரி! அது எந்தப் போட்டியிலும் ஓடியதில்லை. ஒருமுறை சாக்கு ஓட்டத்தில் பேர் கொடுத்துவிட்டு, சாக்குக்குள்ளேயே தூங்கிவிட்டது. ஆனாலும் சுவரில் தன் கால் இருக்க வேண்டும் என்று அதற்குக் கொள்ளை ஆசை.

நரி முதலில் மானிடம் போனது. "கோட்டைத் தாண்டினது யாரு? நீதானே! மத்தவங்க சும்மா குச்சி தூக்கினவங்க."

பிறகு அணிலிடம் போனது. "முதல்ல நீ முந்தலைன்னா அவங்க எங்கே ஜெயிக்கிறது? உனக்கு ஒரு நன்றி சொன்னாங்களா?"

கடைசியில் தவளையிடம் வந்தது. "உன்னை யாரு நினைச்சுப் பார்க்கிறா? பாவம்!"

விழா நாள் வந்தபோது மூன்றும் மூன்று திசையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. கோப்பை நடுவில் அநாதையாக நின்றது.

சுவரில் புதுப் புற்றுமண்ணைக் குழைத்துப் பூசியாயிற்று. தலைமை ஆசிரியர் யானை பேச எழுந்தது. நரி கூட்டத்துக்கே கேட்கும்படி அதன் முன்னால் போய்க் குழைந்தது. "ஐயா, உங்க குரலுக்குக் காடே ஏங்கிக் கிடக்கு. தயவுசெஞ்சு சுருக்கிராதீங்க!"

"அப்படியா சொல்கிறாய்?" யானையின் காதுகள் மகிழ்ச்சியில் படபடத்தன.

யானை பேசியது. பேசியது. பேசிக்கொண்டே இருந்தது. பேச்சு நீண்டால் மண் காயும், மண் காய்ந்தால் மானின் கால் பதியாது, எல்லாரும் போனதும் புதுமண் பூசித் தன் காலைப் பதித்துவிடலாம் என்பது நரியின் கணக்கு. அது நைசாகச் சுவருக்குப் பின்னால் நழுவியது.

"இறுதியாக ஒன்று சொல்லி அமர்கிறேன்" என்றது யானை.

கூட்டம் கைதட்டியது.

"அந்த ஒன்றில் நான்கு பகுதிகள் இருக்கின்றன!"

கூட்டம் முனகியது.

வெயில் உச்சிக்கு ஏறியது. ஆள்காட்டி பொறுக்க முடியாமல் கீச்சிட்டது. "ஐயா! மண்ணு காயுது!"

"நல்ல நேரத்தில் நினைவுபடுத்தினீர்கள், மாஸ்டர். மண்! மண் என்றால் என்ன?"

"செத்தோம்!" என்றது காட்டெருமை.

இந்த நேரத்தில் முள்ளம்பன்றிக்குக் கண்ணைச் சொக்கியது. அப்படியே சாய்ந்து பக்கத்திலிருந்த குரங்கின் தோளில் தலையை வைத்தது. குரங்கு போட்ட அலறலில் மரத்து நாவல்பழமெல்லாம் பொலபொலவென்று உதிர்ந்தது. யானையின் உரையும் அதோடு முடிந்தது!

மானுக்கு மாலை போட்டார்கள். மான் நிமிர்ந்து நடந்து போய்ச் சுவரில் குளம்பை வைத்து அழுத்தியது.

டொக்!

ஒரு கீறல்கூட விழவில்லை. மறுபடி வைத்தது. டொக்! மண் கல்லாகிக் கிடந்தது.

"அடடா! காய்ஞ்சு போச்சே!" சுவருக்குப் பின்னாலிருந்து நரியின் குரல் வந்தது. "விழா முடிஞ்சது. எல்லாரும் வீட்டைப் பார்க்கப் போங்க! இடத்தை நான் பார்த்துக்கிறேன்!"

"நான் தும்பிக்கையால் தண்ணீர் அடிக்கிறேன்" என்றது யானை.

"வேண்டவே வேண்டாம் ஐயா!" ஆள்காட்டி பதறியது. "போன வருஷம் நீங்க அடிச்சதுல மயிலோட கால்தடம் சுவரோட சேர்ந்து கரைஞ்சு போயிருச்சு!"

தவளை குளக்கரையிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தது. மானின் முகம் வாடிப்போயிருந்தது. 'நல்லா வேணும்' என்று ஒரு நொடி நினைத்தது. மறுநொடியே அதன் கண் சுவருக்குப் போனது. அந்த இடம் காலியாகவே கிடந்தால் தாங்கள் ஜெயித்த கதையே இல்லாமல் போய்விடுமே! தன் கால் இல்லாவிட்டால் என்ன, அந்த ஓட்டத்தின் கால் அங்கே இருக்க வேண்டாமா?

தவளை எம்பிக் குதித்தது. "அணிலு! மேல்மண்ணைக் கீறு! நான் ஈரம் கொண்டாறேன்!"

"எனக்கு உத்தரவு போட நீ யாரு?"

"அன்னிக்குக் குச்சி கொடுக்கும்போது நீ யாருன்னு கேட்டியா? கீறுடா!"

அணில் துள்ளி எழுந்தது. சுவரில் தாவி ஏறிச் சரசரவென்று கீற ஆரம்பித்தது. தவளை குளத்தில் விழுந்தது. தொபுக்! கரையேறித் தாவி வந்து தன் ஈர வயிற்றை மண்ணில் ஒட்டியது. பச்சக்! மறுபடி குளம். தொபுக்! மறுபடி சுவர். பச்சக்! தரை தோசைக்கல்லாகச் சுட்டது. நனைந்த தோல் வழியிலேயே காயப் பார்த்தது.

"போதும் தங்கச்சி! வெயில்ல நீ கருகிருவே!" என்று கத்தியது மான்.

"பேசாம காலைத் தூக்குக்கா! மண்ணு இளகிருச்சு!"

தவளை விலகப் போனது. அணிலும் இறங்கப் போனது.

"யாரும் நகரக் கூடாது!" என்றது மான். "தவளை, உன் காலை அங்கேயே வை. அணிலு, உன் நகமும் இருக்கட்டும்."

"விதி?" என்று கேட்டது தவளை.

"விதி வெயில்ல காயட்டும்! வை!"

"நசுக்கிராதேக்கா!"

"நான் என்ன எருமையா?"

"யாரு என்னைக் கூப்பிட்டது?" என்றது கூட்டத்திலிருந்து காட்டெருமை.

மூன்றும் ஒன்றாக அழுத்தின. மண் காயும்வரை அசையவில்லை. அணிலுக்கு மூக்கில் அரித்தது. மான் அதற்காகக் குனிந்து சொறிந்துவிட்டது. காலை எடுத்தபோது கூட்டம் வாயைப் பிளந்தது. சுவரில் பிளந்த குளம்பு. அதைச் சுற்றிப் பூவிதழ் மாதிரி விரிந்த விரல்கள். அடியில் கூரிய நகங்கள்!

"ஐயோ! இது என்ன மிருகம்?" என்று அலறி ஒரு சுண்டெலி அம்மாவின் பின்னால் ஒளிந்தது.

"மரத்துல ஓடும், தண்ணியில நீந்தும், தரையில பறக்கும்!" என்று ஆள்காட்டி கூவியது. "கோப்பை வாங்கினது அந்த மிருகம்தான்!"

"செல்லாது! செல்லாது!" நரி சுவருக்குப் பின்னாலிருந்து தலையை மட்டும் நீட்டிக் கத்தியது. "ஒரு வெற்றிக்கு ஒரு கால்! இங்கே மூணு இருக்கு!"

யானை எழுந்தது. எல்லாரும் வேகவேகமாக நிழல் தேடினார்கள். யானை சுவரருகே போய், சின்னக் கண்ணை இடுக்கிப் பார்த்தது.

"தடம் ஒன்றுதான்" என்றது. அவ்வளவுதான்! போய் உட்கார்ந்துகொண்டது.

கூட்டத்துக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. பிறகு எழுந்த ஆரவாரத்தில் குளத்து மீன்கள் எட்டிப் பார்த்தன.

"விட மாட்டேன்!" என்று நரி பாய்ந்து வந்தது. ஆனால் அதன் காலடி என்னவோ வித்தியாசமாகக் கேட்டது. டொக்... டொக்... டொக்...

அதன் முன்னங்காலில் பானை அளவுக்கு ஒரு மண்ணாங்கட்டி! சுவருக்குப் பின்னால் தனியாக மண் குழைத்து, எப்படி வைத்தால் கால் கம்பீரமாகப் பதியும் என்று நரி ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. யானையின் பேச்சு நீண்டதில் அந்த மண்ணும் காலோடு சேர்ந்து காய்ந்து இறுகிவிட்டது!

"சுருக்கிராதீங்கன்னு கெஞ்சினது யாரு, செயலாளரே?" என்று கேட்ட அணில், சிரித்த சிரிப்பில் சுவரிலிருந்து கீழே விழுந்தது.

"வருந்தாதே, நரி" என்றது யானை கனிவாக. "அந்த மண் உதிரும்வரை உனக்காக ஒரு சிற்றுரை..."

"ஐயோ, வேண்டாம்!" நரி எடுத்தது ஓட்டம். டொக் டொக் டொக் டொக்! வாழ்நாளில் அது ஓடிய முதல் ஓட்டம் அதுதான்.

தவளை மட்டும் சுவரை விட்டு நகரவில்லை. தன் விரல் பதிந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தது. மானைப் பார்த்தது. மறுபடி தொட்டுப் பார்த்தது. "என் விரலு!" என்று கத்தியது. குளத்திலிருந்த தவளைகள் அத்தனையும் ஒரே குரலில் பதில் கத்தின.

கோட்டைத் தாண்டுவது ஒரு காலாக இருக்கலாம். அதைத் தாண்ட வைத்த கால்களுக்கும் இடம் கொடுத்தால்தான் அந்த வெற்றி நிலைத்துப் பதியும்.