நான்காவது மாத்திரை

எழுபது கொண்டை ஊசி வளைவுகள் இறங்கினால்தான் தரையைத் தொட முடியும், அப்படி ஒரு மலை. ஒரு நாள் மத்தியானம், அந்த மலையிலிருந்து இறங்கிய பேருந்தில் மிளகு விவசாயி சடையப்பனுக்கு நெஞ்சை அடைத்தது.

பக்கத்து இருக்கையில் பழ வியாபாரி அருணகிரி. அவரும் இதய நோயாளிதான். நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை எப்போதும் சட்டைப்பையில் இருக்கும். எடுத்துக் கொடுத்தார். வலி நிற்காததால் மறுபடியும் கொடுத்தார். மூன்றாவது முறையும் கொடுத்தார்.

கீழிருந்து வந்த ஆம்புலன்ஸ் நடுவழியில் எதிர்ப்பட்டது. மருத்துவ உதவியாளர் தமயந்தி பேருந்தில் ஏறி இரத்த அழுத்தம் பார்த்தாள். மேல் எண் நூற்று நான்கு. அது நூறுக்குக் குறைந்தால், அழுத்தத்தை இன்னும் இறக்கிவிடும் அந்த மாத்திரை கூடாது. யார் கொடுத்திருந்தாலும் மொத்தம் மூன்றைத் தாண்டக் கூடாது. அவளுக்குச் சொல்லப்பட்ட வரம்பு அவ்வளவுதான்.

"ஏற்கெனவே எத்தனை போட்டிருக்கு?"

சடையப்பனுக்கு வாய் எழவில்லை. அருணகிரியோ மீதி மாத்திரைகளைச் சட்டைப்பைக்குள் தள்ளினார். நம் மாத்திரையால் ஏதாவது ஆகிவிட்டால்?

"ஒண்ணே ஒண்ணுதானுங்க."

தமயந்தி தன் டப்பாவிலிருந்து அதே மாத்திரையை எடுத்துச் சடையப்பனின் உதடு வரைக்கும் கொண்டுபோய்விட்டாள்.

"அம்மிணி, மூணு!" என்றார் கண்டக்டர் பொன்னுரங்கம். "அறுபதாம் வளைவுல ஒண்ணு, அம்பத்திரண்டுல ஒண்ணு, நாப்பத்தஞ்சுல ஒண்ணு. எங்களுக்கு வளைவுதானுங்க கடிகாரம்."

"யோவ், சீட்டுக் கிழிக்கிறதோட உன் வேலை முடியலையா?" என்று சீறினார் அருணகிரி. ஆனால் இல்லை என்று சொல்லவில்லை.

தமயந்தியின் கை நின்றது. சடையப்பன் கண்ணாலேயே கெஞ்சினார். அவள் மாத்திரையை டப்பாவில் போட்டு மூடினாள்.

ஆம்புலன்ஸில் ஏற்றிய இரண்டாம் நிமிடம் மேல் எண் எண்பத்தாறுக்கு இறங்கியது. எள்ளைவிடக் கொஞ்சம் பெரிய மாத்திரை. அதற்குள் ஒரு முழு மனிதனைச் சாய்க்கிற பலமா? தன் விரல்களையே அவள் புதிதாகப் பார்த்தாள். கால்களை உயர்த்தி வைத்து, நரம்பில் திரவம் ஏற்றி, ஆஸ்பத்திரி கொண்டுபோய்ச் சேர்த்தாள். சடையப்பன் பிழைத்தார்.

பலா பழுத்த மாதம், முதல் பழத்தோடு அதே பேருந்தில் அவர் ஆம்புலன்ஸ் நிற்கும் அடிவாரத்துக்கு வந்தார். "என் உசுரக் காப்பாத்துனவங்களுக்கு இது" என்றார்.

"நான் அன்னிக்கு மாத்திரை தரலைன்னா என்னாயிருக்கும்?" என்று கையை நீட்டினார் கூடவே வந்திருந்த அருணகிரி. "நாலாவது தராததுதானய்யா காப்பாத்துச்சு!" என்று தமயந்தியைக் காட்டினார்கள் பயணிகள். பொன்னுரங்கம் தன்பாட்டுக்குச் சில்லறை பிரித்துக்கொண்டிருந்தார்.

கொடுத்தவர் அருணகிரி. கொடுக்க மறுத்தவள் தமயந்தி. கொடுக்கவோ மறுக்கவோ கையில் ஒன்றுமே இல்லாதவர் பொன்னுரங்கம். சொல்லுங்கள், பழம் யாருக்கு?

கண்டக்டருக்கு என்றாள் தமயந்தி. "மூணுக்கு மேல கூடாதுன்னு எனக்குத் தெரியும். மூணு ஆயிருச்சுன்னு தெரியாது. அவர் சொல்லலைன்னா என் கையே இவரைக் கொன்னிருக்கும்." அருணகிரி தலை குனிந்தார். பொன்னுரங்கம் பழத்தைப் பேருந்துப் படியிலேயே வைத்துப் பிளந்தார். முதல் சுளை அருணகிரிக்குத்தான் போனது. யாருக்கு எத்தனை என்று அன்றைக்கு மட்டும் கண்டக்டர் எண்ணவில்லை.