காரீயம் குடித்த செடி

அந்தக் காலத்தில் பூனையும் செடியும் கூடி உட்கார்ந்து ஊர்வம்பு பேசும். பாத்திரம் வார்க்கும் சடையாண்டியின் பட்டறையில் ஒரு வரிப்பூனை இருந்தது. எதையும் மோந்து பார்த்துக் கிளறிப் பார்க்காவிட்டால் அதற்குத் தூக்கம் வராது.

சடையாண்டி காரீயக் கசட்டையெல்லாம் கொல்லையில்தான் கொட்டுவான். அங்கே பூனை போட்ட குட்டிகள் ஒவ்வொன்றாகச் சோர்ந்து, கால் பின்னிச் செத்துப்போயின. மிஞ்சியது ஒன்றே ஒன்று. அதுவும் இப்போது பால் குடிக்காமல் சுருண்டு கிடந்தது. வேறு இடத்துக்குத் தூக்கிப் போகலாமென்றால் தெரு முழுக்க நாய்கள்.

ஒருநாள் குழி பறித்து மூடிவிட்டு, வழக்கம்போலக் காலை நக்கிய பூனை சட்டென்று நிறுத்தியது. மண் இனித்தது! மண் எங்காவது இனிக்குமா? கொட்டின காரீயம்தான் மண்ணில் விஷமாகக் கலந்திருக்கிறது, இந்த நாக்கால்தானே குட்டிகளையும் நக்கினோம் என்று அதற்கு அப்போதுதான் புரிந்தது.

குட்டியைக் கவ்விப் பரணில் ஏற்றிவிட்டுச் செடிகளிடம் ஓடியது. "எத்தனை நாளைக்குத்தான் பரண்மேலயே வச்சிருப்பேன்? யாராவது இந்த மண்ணுல இருக்கிற விஷத்தை உறிஞ்சி எடுங்களேன்!"

"நான் பூசைக்குப் போறவ. எனக்கு ஆகாது," என்றது துளசி. தும்பை காது கேளாததுபோல நின்றது.

வேலியோரத்தில் பேர்கூட இல்லாத ஒரு குட்டைச் செடி தலையை நீட்டியது. "அது எப்படி இருக்கும்னு எனக்கும் தெரிஞ்சுக்கணும் அக்கா. நான் குடிக்கிறேன். ஆனா குடிச்சுட்டு இங்கேயே மக்கினா எல்லாம் திரும்ப மண்ணுக்கே போயிடும். நான் போதும்னு சொன்னதும் என்னை வேரோட பிடுங்கி உலையில போட்டுடணும்."

"சரி," என்றது பூனை. குட்டி நினைப்பில், எதற்குச் சரி சொன்னோம் என்று அதற்கு அப்போது உறைக்கவில்லை.

செடி விதை உதிர்த்து, பிள்ளைகுட்டியோடு கொல்லை முழுக்கப் பரவிக் குடித்தது. பூனை தினமும் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

"எப்படித்தான்டி இருக்கு?"

"முதல்ல இனிக்குது. அப்புறம் வேரெல்லாம் மரத்துப்போகுது. நீ உன் குட்டி கதையைச் சொல்லு."

மழைக்காலம் போயிற்று. மண்ணில் இனிப்பு போயிற்று. பரணிலிருந்து குதித்த குட்டி கொல்லையில் துள்ளியது.

"போதும் அக்கா. பிடுங்கு."

"இன்னும் ஒரு நாள் இரேன்."

"நாளைக்கு என் இலை உதிர்ந்துடும். குடிச்சதெல்லாம் வீணாப்போகும்."

பூனை கண்ணை மூடிக்கொண்டு மண்ணைப் பறித்தது. ஒவ்வொரு செடியாகக் கவ்வி இழுத்தது. முதல் செடியைக் கடைசியாகத்தான் பிடுங்கியது. அந்த வேரில் முகத்தைத் தேய்த்து, புரண்டு புரண்டு அழுதது. பிறகு எல்லாவற்றையும் உலைக்கு இழுத்துப் போய்ப் போட்டது.

மறுநாள் சாம்பல் அள்ளிய சடையாண்டி கையில் காரீய மணிகள் உருண்டன. "அட, இது நான் கொல்லையில கொட்டினதாச்சே! உலைக்குள்ள எப்படி வந்துச்சு?" பூனை உலைப்பக்கம் திரும்பிப் பார்க்காமல் வெளியே நடந்தது.

வேரில் புரண்டு அழுதபோது அதன் மயிரில் செடியின் விதைகள் ஒட்டியிருந்தன. பூனை போன குப்பைமேடுகளிலெல்லாம் அவை உதிர்ந்து முளைத்தன. குப்பைமேனி என்று ஊரார் பேர் வைத்தார்கள்.

அன்று முதல்தான், குப்பைமேனியை யார் வேரோடு பிடுங்கினாலும், எங்கிருந்தோ ஒரு பூனை ஓடிவந்து அந்த வேரில் முகத்தைத் தேய்த்துத் தேய்த்து உருள்கிறது.