பந்தியை விட்டு எழாத மந்திரவாதி

வெகு காலத்துக்கு முன்னால், ஆறு இந்தப் பக்கம் ஓடாமல் அந்தப் பக்கம் ஓடிய நாளில், மணிமங்கலபுரி என்றொரு ராஜ்யம் இருந்தது. உட்காருங்கள், சொல்கிறேன். நானும் உட்கார்ந்துகொள்கிறேன், கால் கடுக்கிறது. கால் கடுத்தவர்களுக்குத்தான் இந்தக் கதை சரியாகப் புரியும்.

அரண்மனை யானைக் கொட்டாரத்துக்குப் பின்னால் ஒரு சந்து. அந்தச் சந்தில் பூவாயியின் சோற்றுக்கடை. ஓலைக்கூரை, மூன்று அடுப்பு, ஒரே ஒரு பந்திப்பாய். பார்த்தால் உள்ளே நுழையத் தோன்றாது. ஆனால் அவளுடைய கத்தரிக்காய்க் காரக்குழம்பு கொதிக்கிற நேரத்தில், பாகன்கள் யானையைப் பாதிக் குளியலில் விட்டுவிட்டு ஓடி வருவார்கள். சமைப்பதும் அவள், பரிமாறுவதும் அவள், பாத்திரம் தேய்ப்பதும் அவள். இருபது வருஷமாக இப்படித்தான். பாவம், அலுத்துப்போயிருந்தாள். வாய் மட்டும் பழக்கத்தில் உபசாரம் சொல்லிக்கொண்டே இருக்கும்.

ஒரு நாள் மத்தியானம் வச்சிரதந்தன் என்ற மந்திரவாதி வந்து உட்கார்ந்தான். விரலைச் சொடுக்கினால் அறுசுவையும் எதிரே வந்து நிற்கும் அவனுக்கு. ஆனால் எவ்வளவு தின்றாலும் ஒரு நாள்கூட வயிறு நிறைந்ததில்லை. பூவாயிக்கு அது எப்படித் தெரியும்? எல்லோரிடமும் சொல்வதையே அவனிடமும் சொன்னாள்.

"கூச்சப்படாம சாப்பிடுங்க ஐயா. நீங்க போதும்னு சொல்ற வரைக்கும் இந்தக் கை ஓயாது."

"சொன்ன சொல் மாற மாட்டியே?"

"அதெப்படி மாறுவேன்?"

அவன் ஏதோ முணுமுணுத்தான். கரண்டி அவள் வலக்கையோடு ஒட்டிக்கொண்டது. கீழே வைக்க முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. வேறு இலைப் பக்கம் திரும்பினால் கை தானாக அவன் இலைக்கே வந்தது. சட்டியில் குழம்பு வற்றவே இல்லை. பாகன்கள் பயந்துபோய் வாசலோடு நின்றுவிட்டார்கள். அவன் தின்றான், அவள் நின்றாள்.

இவனை எப்படியாவது எழுப்பிவிட வேண்டும் என்று, முதல் நாள் மிளகாயை அள்ளிக் கொட்டினாள். அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "நல்லாத்தான் இருக்கு. இன்னும் கொஞ்சம்" என்றான். அவன் தின்றான், அவள் நின்றாள்.

இரண்டாம் நாள் பாகற்காயைக் கசக்கக் கசக்க வேகவைத்து ஊற்றினாள். "நல்லாத்தான் இருக்கு. இன்னும் கொஞ்சம்." அவன் தின்றான், அவள் நின்றாள்.

மூன்றாம் நாள் உப்பே போடவில்லை. அதற்கும், "நல்லாத்தான் இருக்கு. இன்னும் கொஞ்சம்" என்றான். பூவாயிக்குக் கண் இருட்டியது. ஆயுசு முழுக்க இப்படியே நின்றே செத்துப்போவோம் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது.

"ஐயா, முடியல. மூணு நாளா வெறும் தண்ணிதான்."

"சட்டி நிறைய இருக்கே. தின்ன வேண்டியதுதானே?"

"சோத்துக்கை கரண்டியோட ஒட்டிக்கிடக்கு. பீச்சாங்கையால சோத்தைத் தொட எனக்கு மனசு வராது. நீங்கதான் ஒரு வாய் ஊட்டிவிடணும்."

"நானா?"

"நான் விழுந்துட்டா உங்களுக்கு யார் பரிமாறுவா?"

அது அவனுக்கு நியாயமாகப் பட்டது. அன்பு என்றெல்லாம் நினைத்துவிடாதீர்கள், தன் வயிற்றுக்காகத்தான். பந்தியை விட்டு எழுந்து கையைக் கழுவினான். புது இலையில் சோறு போட்டுக் குழம்பு ஊற்றிப் பிசைந்தான். பிசையவும் தெரியவில்லை அவனுக்கு, கை முழுக்க அப்பிக்கொண்டது.

முதல் உருண்டையை அவள் மெல்லாமலே விழுங்கினாள். இரண்டாவதில் முகத்தில் கொஞ்சம் உயிர் வந்தது. மூன்றாவதைக் கண்ணை மூடிக்கொண்டு நிதானமாக மென்றாள். மந்திரவாதி அதையே பார்த்துக்கொண்டு நின்றான். இன்னோர் உருண்டை பிடித்து, அவள் வாயைத் திறக்கக் காத்திருந்தான்.

பூவாயி கண்ணைத் திறந்தாள். "உங்க இலை காயுதே ஐயா. போடட்டுமா?"

"எனக்குப் போதும்மா" என்றான் அவன். "நீ சாப்பிடறதைப் பாத்ததுலயே வயிறு நிறைஞ்சுபோச்சு."

சொல்லி வாய் மூடவில்லை, கரண்டி கழன்று தரையில் விழுந்தது. அவன் தன் வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். நிஜமாகவே நிறைந்திருந்தது. அழாத குறையாக அவளைக் கும்பிட்டான்.

"என்ன வரம் வேணும், கேளு. பொன்னா, மாளிகையா?"

"தூங்கணும்."

"அவ்வளவுதானா?"

"அந்தப் பாத்திரத்தையெல்லாம் தேய்ச்சு வைங்க" என்று சொல்லிவிட்டு அங்கேயே சுருண்டு படுத்தாள்.

இரண்டு நாள் தூங்கினாள். எழுந்து பார்த்தால் பாத்திரமெல்லாம் பளபளத்தது, உலையும் கொதித்து இறங்கியிருந்தது. சோறு கொஞ்சம் குழைந்துதான் போயிருந்தது. வாசலில் பாகன்கள் பசியோடு நின்றார்கள். பதறிப்போய்க் கரண்டியை எடுக்க ஓடினாள். வச்சிரதந்தன் கொடுக்கவில்லை. பாயில் ஒற்றை இலை போட்டுத் தண்ணீர் தெளித்தான்.

"உக்காரும்மா. நீ சாப்பிட்டு எழுந்தப்புறம்தான் மத்தவங்களுக்கு."

பாகன்களும் தலையாட்டினார்கள். பூவாயிக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே உட்கார்ந்தாள்.

அவள் நிதானமாகச் சாப்பிடட்டும். நாம் சத்தம் போடாமல் எழுந்து போவோம், வாருங்கள்.